டென்ஷன் ஏறினால் வலியும் ஏறுகிறது, இதெல்லாம் என் மனசு செய்கிற வேலையா?

மாலைவெளி கேட்டது:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படித்துவிட்டு உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லுங்கள்.

எனக்கு 36 வயது. கணக்குப் பிரிவில் வேலை, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறேன். எட்டு ஒன்பது மாதமாகக் கழுத்தின் வலது பக்கம் ஆரம்பித்துத் தோள்பட்டை வரை இறங்குகிற வலி, கூடவே இடுப்பு வலி. சில நாள் பிடித்து இழுப்பதுபோல இருக்கும், சில நாள் உள்ளே குடையும். உட்காரும் விதம்தான் காரணம் என்று நினைத்து நாற்காலியை மாற்றினேன், தலையணையை மாற்றினேன், கடைசியில் மெத்தையையும் மாற்றினேன். எதன் பலனும் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கவில்லை.

அப்புறம்தான் ஒன்றைக் கவனித்தேன். கணக்கு முடிக்கிற மாதக் கடைசி நாட்களில் வலி இரண்டு மடங்காகிவிடுகிறது. மேலதிகாரியிடமிருந்து "கொஞ்சம் பேசணும்" என்று மெசேஜ் வந்தால் போதும், அதைப் படித்து முடிப்பதற்குள் கழுத்து இறுகிப்போகும். சண்டை போட்ட நாள், தூங்காத நாள் எல்லாம் இதே கதைதான்.

எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ, ரத்தப் பரிசோதனை எல்லாம் எடுத்தாகிவிட்டது. இடுப்பில் ஓரிடத்தில் "லேசான டிஸ்க் பல்ஜ்" என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது, அதாவது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கிற வட்டு கொஞ்சம் பிதுங்கியிருக்கிறதாம். அதைப் படித்த நாளிலிருந்து குனியவே பயம். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "பெரிதாக ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறையுங்கள்" என்று சொல்லி அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் எழுதிக்கொடுத்தார். அது மனச்சோர்வுக்குக் கொடுக்கிற மாத்திரை என்று பிறகுதான் தெரிந்தது. அப்படியே வைத்துவிட்டேன், இன்னும் ஒன்றுகூடப் போடவில்லை. வீட்டிலும் டாக்டர் சொன்னதையே பிடித்துக்கொண்டார்கள். "ஒன்றுமில்லை என்று அவரே சொல்லிவிட்டார், எல்லாம் உன் மனசுதான்" என்று கேட்டுக் கேட்டு, வலிக்கிறது என்று வாய் திறக்கவே கூச்சமாகிவிட்டது.

இதைவிடக் குழப்பமான ஒன்று. இரண்டு மாதத்துக்கு முன் என் பையன் மாடிப்படியில் விழுந்து நெற்றி கிழிந்துவிட்டது. 20 கிலோ இருக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்கி ஓடினேன். தையல் போட்டு முடிகிற வரைக்கும் எனக்கு இடுப்பு என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. இரவு அவன் தூங்கிய பிறகு வந்தது பாருங்கள், அப்படி ஒரு வலி. அன்றைக்கு இருந்த டென்ஷனைவிடப் பெரிய டென்ஷன் என் வாழ்க்கையில் வந்ததில்லை. டென்ஷனால்தான் வலி கூடுகிறது என்றால் அன்றைக்கு ஏன் கூடவில்லை? அன்றைக்கு வலிக்காமல் இருக்க முடியும் என்றால், மற்ற நாட்களில் வலிப்பதெல்லாம் நானே வரவழைத்துக்கொள்வதா?

தயவுசெய்து "யோகா செய்யுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று ஒரு வரியில் சொல்லாதீர்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று புரிந்தால் பாதி பாரம் இறங்கும்போல இருக்கிறது.


பனித்துளி:

உங்கள் பதிவைப் படிக்கும்போது என்னையே படிப்பதுபோல இருந்தது. எனக்குக் கழுத்துக்குப் பதில் தாடை. தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கிறேன் என்று பல் டாக்டர் சொல்லித்தான் தெரியும், அதுவும் பரீட்சை சமயத்தில் அதிகம். காலையில் எழுந்தால் காதுக்கு முன்னால் விண்விண் என்று தெறிக்கும், வாயைத் திறக்க முடியாது. இரவில் போட்டுக்கொள்ள ஒரு பல் கவசம் செய்துகொடுத்தார்கள், பல் தேய்வது நின்றது, வலி முழுதாக நிற்கவில்லை. கற்பனை வலி பல்லைத் தேய்க்காது, அதை மட்டும் நான் உறுதியாகச் சொல்வேன். மற்றதை விவரம் தெரிந்தவர்கள் சொல்லட்டும், நானும் காத்திருக்கிறேன்.


நடைபழகு:

நான் பிசியோதெரபிஸ்ட். 14 வருடமாகக் கழுத்துவலி, இடுப்புவலிக்காரர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். உங்கள் பையன் விழுந்த அன்று நடந்ததிலேயே பாதி விடை இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வலி என்றால் நம் எல்லார் மனதிலும் ஒரு கயிறும் மணியும்தான் இருக்கிறது. இந்த முனையில் அடிபட்டால் அந்த முனையில், மூளையில், மணி அடிக்கும். 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த் வலியை இப்படித்தான் விளக்கினார், நாமும் இன்னும் அதையே நம்பிக்கொண்டிருக்கிறோம். இதன்படி பார்த்தால் அடி எவ்வளவோ வலியும் அவ்வளவு இருக்க வேண்டும். ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஹென்றி பீச்சர் என்ற அமெரிக்க மயக்க மருந்து மருத்துவர், போர்முனையில் பலத்த காயத்தோடு வந்த சிப்பாய்களிடம் வலிக்கு மருந்து வேண்டுமா என்று கேட்டபோது பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றார்கள். நினைவோடு, தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 1946இல் அவர் இதை எழுதினார். கயிறு மணிக் கணக்கு அங்கே உடைந்துபோகிறது.

1965இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இருவர் தண்டுவடத்தில் ஒரு கதவு இருப்பதாகச் சொன்னார்கள். உடம்பிலிருந்து வருகிற சேதி அந்தக் கதவைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும், அந்தக் கதவை எவ்வளவு திறப்பது என்பதில் மூளைக்கும் பங்கு உண்டு என்பது அவர்கள் கருத்து. நுணுக்கங்கள் பிற்பாடு நிறைய மாறிவிட்டன, ஆனால் மூளையிலிருந்து கீழே இறங்கிவந்து வலியை அடக்கவோ கூட்டவோ செய்கிற நரம்புப் பாதை இருப்பது இன்றைக்கு உறுதியான விஷயம். நடுமூளையில் கிளம்பி, முகுளம் வழியாகத் தண்டுவடத்துக்கு வருகிறது அது. வலியை அடக்க உடம்பே சுரக்கும் எண்டார்பின் வகைப் பொருட்கள் வேலை செய்கிற இடங்களில் இதுவும் முக்கியமானது.

இப்போது உங்கள் குழப்பத்துக்கு வருவோம். நாம் எல்லாவற்றையும் டென்ஷன் என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம், உடம்புக்கு அது ஒன்றல்ல. கண்ணெதிரே ஆபத்து, உடனே ஓட வேண்டும் என்கிற பயம் ஒரு வகை. அப்போது மூளை கதவைச் சாத்துகிறது, ஏனென்றால் இடுப்பைக் கவனிக்க அது நேரமில்லை. இன்னும் வராத ஒன்றை நினைத்து, எப்போது வருமோ, என்ன ஆகுமோ என்று காத்துக்கொண்டிருக்கிற பதற்றம் இன்னொரு வகை. அந்த நேரத்தில் மூளை ஆபத்து எங்கிருந்து வரும் என்று தேடிக்கொண்டே இருக்கிறது, கதவை அகலத் திறந்துவைத்து உடம்பின் சின்னச் சின்ன சேதியையும் உள்ளே விடுகிறது. ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தபோதும், பயம் வலியைக் குறைப்பதும் வரப்போவதை எதிர்பார்க்கும் பதற்றம் அதைக் கூட்டுவதும் தெரியவந்திருக்கிறது. மாடிப்படியில் உங்களுக்கு நடந்தது முதல் வகை. மேலதிகாரியின் மெசேஜ் இரண்டாவது வகை. இரண்டுமே உங்கள் நரம்பு மண்டலம் செய்த வேலை, இரண்டிலுமே நீங்கள் எதையும் "வரவழைக்க"வில்லை.

மாதக் கடைசியில் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. கழுத்திலிருந்து தோள்வரை விரிந்திருக்கும் டிரப்பீசியஸ் தசை மனநிலைக்கு உடனே எதிர்வினை காட்டும். சும்மா உட்காரவைத்து மனக்கணக்கு போடச் சொன்னாலே அந்தத் தசையின் மின்செயல்பாடு கூடுவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். அது கொஞ்சமாகத்தான் இறுகும், ஆனால் மணிக்கணக்கில் தளராமல் இறுகியிருக்கும். அதோடு தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டால் மறுநாள் வலியைத் தாங்கும் அளவு இறங்கிவிடும். இப்படி மாதக்கணக்கில் போனால் தண்டுவடத்து நரம்பணுக்களே எச்சரிக்கையாகிவிடுகின்றன, முன்பு வலிக்காத தொடுதலும் அசைவும் இப்போது வலிக்கும். காயத்துக்குப் பிறகு தண்டுவடம் இப்படி மாறுவதைக் கிளிஃபோர்ட் வுல்ஃப் என்பவர் 1983இல் காட்டினார். திசுக்கள் ஆறிய பிறகும் வலி நின்றுவிடாமல் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டிஸ்க் பல்ஜ் பற்றி நான் ரொம்ப அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அந்த இரண்டு சொல் எத்தனை பேரை முடக்கிப்போட்டிருக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன். இடுப்புவலியே இல்லாத மனிதர்களின் ஸ்கேன்களை மட்டும் சேர்த்து, 3,000 பேருக்கு மேல், 2015இல் ஒரு தொகுப்பாய்வு வெளிவந்தது. அதில் 20 வயதுக்காரர்களிலேயே சுமார் 30 சதவீதம் பேருக்கு டிஸ்க் பல்ஜ் இருந்தது, 80 வயதில் 84 சதவீதம். எந்த வலியும் இல்லாதவர்கள் இவர்கள். உங்களுடைய பல்ஜுக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை என்று ஸ்கேனைப் பார்க்காமல் நான் சொல்ல மாட்டேன். ஆனால் "முதுகு உடைந்துகொண்டிருக்கிறது" என்று அதற்கு அர்த்தமில்லை. குனியாமல் இருந்தால் தசை பலம் குறையும், பயம் பெருகும், கொஞ்சம் குனிந்தாலும் வலிக்கும், வலித்ததால் இன்னும் குனியாமல் இருப்பீர்கள். இந்தச் சுழலில் மாட்டியவர்களை வெளியே கொண்டுவருவதுதான் என் வேலையில் பாதி.


விடியல்நேரம்:

மேலே எழுதியதெல்லாம் சரியாகவே இருக்கலாம். இருந்தாலும் எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு ஐந்து வருடம் அடிவயிற்று வலி. மாதவிடாய் சமயத்தில் எழுந்து நிற்க முடியாது. பார்த்த டாக்டர்களில் மூன்று பேர் "படிப்பு டென்ஷன்", "கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்", "நீங்கள் ரொம்ப யோசிக்கிறீர்கள்" என்றார்கள். நான் அதை நம்பினேன், அதுதான் இன்னும் ஆறாமல் இருக்கிறது. வலி தாங்காமல் அழும்போதெல்லாம் என் மனசைத்தான் திட்டிக்கொண்டேன். நான்காவது டாக்டர் கேட்ட கேள்விகளே வேறு மாதிரி இருந்தன. வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டு (லேப்ராஸ்கோபி) பார்த்தபோது எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்கிற நோய். அந்த ஐந்து வருடத்தில் பதற்றம் இருந்ததா என்றால் இருந்தது, ஆனால் வலியால் வந்த பதற்றத்தைக் காட்டி வலிக்கே அதுதான் காரணம் என்று முடித்துவிட்டார்கள்.

அதனால் மாலைவெளி, "டென்ஷன் வலியைக் கூட்டும்" என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள், "டென்ஷன்தான், இனி பார்க்க ஒன்றுமில்லை" என்பதை ஏற்காதீர்கள். இரண்டும் கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கும். உங்களுக்கு நடந்ததில் என்னை உறுத்துவது, அந்த டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள், உங்களைத் தொட்டுப் பரிசோதித்தார் என்று எழுதவில்லை.


நடைபழகு:

விடியல்நேரம், நீங்கள் எழுதியது இங்கே இருந்தே ஆக வேண்டியது. நன்றி. என் பதிலில் அதை நான் விட்டுவிட்டேன், விட்டிருக்கக் கூடாது.

இடுப்புவலியோடு சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடு இல்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போவது, கால் பலம் குறைந்துகொண்டே வருவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் அடங்காத இரவு வலி, முன்பு புற்றுநோய் வந்திருப்பது, பலமாக விழுந்தது ஆகியவை இருந்தால் டென்ஷன் என்ற பேச்சே எடுக்காமல் முதலில் அதைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலிக்கும் இதே விதிதான், பதற்றத்தால் வருகிற நெஞ்சு இறுக்கமா இதயமா என்பதை வீட்டில் உட்கார்ந்து யாரும் தீர்மானிக்க முடியாது.

மாலைவெளிக்கு இவை எதுவும் இல்லை என்றாலும் கை கால் பலம், உணர்ச்சி, முழங்கால் தட்டிப் பார்ப்பது இதையெல்லாம் செய்யக்கூடிய ஒருவரிடம் ஒருமுறை போவது நல்லது. கையில் மரமரப்பு இருக்கிறதா என்றும் எழுதுங்கள்.


இரவுப்பணி:

ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருக்கிறேன். வேறொரு பக்கத்திலிருந்து இதைப் பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரே மாதிரி ஆபரேஷன், ஒரே அளவு மருந்து, ஆனால் மறுநாள் ஒருவர் எழுந்து நடப்பார், இன்னொருவர் துடித்துக்கொண்டிருப்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டாமவரைத் தைரியமில்லாதவர் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததற்கு இப்போது வருத்தப்படுகிறேன். ஆபரேஷனுக்கு முன்னால் பதற்றமாக இருப்பவர்களுக்குப் பின்னால் வலியும் கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன, அதில் தைரியத்துக்கு வேலை இல்லை.

என் மனதை மாற்றிய ஓர் ஆய்வு உண்டு, 2011இல் வந்தது. 22 பேர், எல்லாரும் ஆரோக்கியமானவர்கள். காலில் சூடு வைத்து வலி உண்டாக்கி, ரெமிஃபென்டனில் என்கிற பலமான வலி மருந்தை ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். மருந்து ஓடுவதைச் சொல்லாமல் ஏற்றியபோது வலி ஓரளவு குறைந்தது. "இப்போது மருந்து ஆரம்பிக்கிறோம்" என்று சொன்னதும், மருந்தின் அளவு அதேதான், வலி குறைந்தது மட்டும் ஏறத்தாழ இரட்டிப்பானது. அப்புறம் "மருந்தை நிறுத்திவிட்டோம், இனி வலி கூடலாம்" என்றார்கள். உண்மையில் நிறுத்தவில்லை, அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் மருந்தே ஏற்றாததுபோல வலி பழைய நிலைக்குத் திரும்பிவிட்டது. மூளை ஸ்கேனிலும் அந்த மாற்றம் தெரிந்தது. ஊசிவழியே அவ்வளவு பலமான மருந்து போய்க்கொண்டிருக்க, ஒரு வாக்கியம் அதைச் செல்லாததாக்கிவிட்டது.

2010இல் பிரசவத்துக்கு வந்த பெண்களை வைத்து ஒன்று செய்தார்கள். முதுகில் மரப்பு ஊசி போடும்போது சிலரிடம் "பெரிய தேனீ கொட்டுவதுபோல இருக்கும், இதுதான் இருப்பதிலேயே மோசமான பகுதி" என்றார்கள், மற்றவர்களிடம் "இந்த இடம் மரத்துவிடும், உங்களுக்கு வசதியாக இருக்கும்" என்றார்கள். தேனீ என்று கேட்டவர்களுக்குத்தான் அதிகம் வலித்தது. அதைப் படித்ததிலிருந்து நான் ஊசி போடும்போது "வலிக்கும், தாங்கிக்கோங்க" என்று சொல்வதை விட்டுவிட்டேன். அதற்காகப் பொய்யும் சொல்வதில்லை, என்ன செய்யப்போகிறேன் என்று மட்டும் சொல்கிறேன்.

மாலைவெளி, "லேசான டிஸ்க் பல்ஜ்" என்ற வரியை நீங்கள் தனியாக உட்கார்ந்து படித்தபோது உங்களுக்கும் ஒரு தேனீ கொட்டியிருக்கிறது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

மாத்திரையைப் பற்றி: அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு வந்த மருந்துதான், ஆனால் அதற்குக் கொடுக்கிற அளவு உங்களுடையதைப் போலப் பல மடங்கு. 10 மில்லிகிராம் மாதிரிக் குறைந்த அளவில் நாள்பட்ட வலிக்குத்தான் கொடுப்பார்கள். மூளையிலிருந்து கீழே இறங்குகிற பாதை என்று நடைபழகு சொன்னாரே, அதில் சேதி கடத்துகிற செரட்டோனின், நார்அட்ரினலின் என்ற இரண்டு பொருட்களையும் அது கூட்டுகிறது. தூக்கம் வரும், வாய் உலரும், அதனால் இரவில் எடுக்கச் சொல்வார்கள். எல்லாருக்கும் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. இதயக் கோளாறு இருந்தாலோ வேறு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தாலோ கட்டாயம் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். உங்களைப் பைத்தியம் என்று நினைத்து எழுதிக்கொடுத்ததில்லை, அந்த எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இதை அவரே இரண்டு நிமிடம் செலவழித்துச் சொல்லியிருக்கலாம், சொல்லாதது அவர் தவறு.


ஆலமரத்தடி:

எனக்கு மருத்துவம் தெரியாது, 20 வருடமாக ஒற்றைத் தலைவலி தெரியும். உங்கள் வீட்டில் "மனசுதான்" என்று சொல்வது எனக்குப் புண்பட்ட இடம் என்பதால் எழுதுகிறேன்.

நம் மொழியைக் கவனித்திருக்கிறீர்களா? கால் உளைச்சல் என்கிறோம், மன உளைச்சல் என்கிறோம், இரண்டுக்கும் ஒரே சொல். புண் எரிந்தாலும் எரிச்சல், ஒருவர் பேச்சு பிடிக்கவில்லை என்றாலும் எரிச்சல். பல் நோகிறது, மனம் நோகிறது. புண்பட்ட கால், புண்பட்ட மனம். மனசுக்குத் தனிச் சொல், உடம்புக்குத் தனிச் சொல் என்று நம்மவர்கள் வேலி போடவில்லை, பட்ட அனுபவத்திலிருந்து பேசியிருக்கிறார்கள். உலக வலி ஆய்வுச் சங்கமும் 2020இல் திருத்திய வரையறையில், வலி என்பது உடலுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்றே சொல்கிறது, ஒருவர் வலிக்கிறது என்றால் அந்தச் சொல்லை மதிக்க வேண்டும் என்றும் அதன் குறிப்பில் இருக்கிறது. உங்கள் வீட்டாருக்கு அந்த வரியைக் காட்டுங்கள்.

என் தலைவலியிலும் உங்களுடையதைப் போல ஒரு புதிர் இருந்தது. வேலை நெருக்கடி உச்சத்தில் இருக்கும் நாள் வராது. எல்லாம் முடிந்து, அப்பாடா என்று உட்கார்ந்த மறுநாள் காலை சுரீரென்று பிடிக்கும். வருடக்கணக்கில் லீவு நாளைப் பழித்துக்கொண்டிருந்தேன். அழுத்தம் சட்டென்று இறங்குகிற நேரமும் ஒற்றைத் தலைவலியைத் தூண்டும் என்று ஒரு நரம்பியல் மருத்துவர் சொன்ன பிறகு, நெருக்கடி முடிந்த அன்றே ஒரேயடியாகச் சாயாமல் தூங்கும் நேரம், எழும் நேரம், நடை மூன்றையும் மாற்றாமல் வைத்துக்கொள்கிறேன். மாதம் ஆறு ஏழு என்று இருந்தது இப்போது இரண்டு மூன்று. முழுக்கப் போகவில்லை.

ஒரு வேண்டுகோள்: வலியைப் பூஜ்யமாக்கியே தீருவேன் என்று இறங்காதீர்கள். நான் அப்படி இறங்கி, காலையில் கண் திறந்ததும் "இன்றைக்கு வலிக்கிறதா" என்று தலையைத் தேடிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. தேடினால் கிடைக்கத்தான் செய்யும்.


பனித்துளி:

ஆலமரத்தடி ஐயா சொன்ன அந்தத் தேடிப் பார்க்கிற பழக்கம் எனக்கும் உண்டு, நாக்கால் பல்லைத் தடவித் தடவி. அது ஒரு பழக்கம் என்றே இதுவரை தெரியாது, நிறுத்த முடியும் என்றும் தெரியாது. நடைபழகு, அதை எப்படி நிறுத்துவது? "கவனத்தைத் திருப்பு" என்று எல்லாரும் சொல்கிறார்கள், அது உண்மையிலேயே வேலை செய்யுமா, இல்லை ஆறுதலுக்குச் சொல்வதா?


நடைபழகு:

வேலை செய்யும். 2012இல் ஜெர்மனியில் ஒரு குழு, கையில் சூடு வைத்துக்கொண்டே கடினமான நினைவாற்றல் பயிற்சி செய்ய வைத்துத் தண்டுவடத்தையே ஸ்கேன் செய்து பார்த்தது. மனம் வேலையில் மூழ்கியிருந்தபோது தண்டுவடத்திலேயே வலிச் சேதி குறைந்திருந்தது. மூளைக்குப் போன பிறகு மறந்துபோவதில்லை, வருகிற வழியிலேயே அடங்குகிறது. ஆனால் "நினைக்காதே, நினைக்காதே" என்று அடக்குவது இதில் சேராது, அது எதிர்ப்பக்கம் போய்விடும். கைக்கும் மனசுக்கும் பிடித்த, கொஞ்சம் சிரமமான ஒரு வேலை வேண்டும்.

மாலைவெளிக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால், என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இது. முதலில் பயப்படுகிற ஓர் அசைவை எடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குக் குனிவது. நாற்காலியில் உட்கார்ந்தபடி கையை முழங்காலிலிருந்து கணுக்கால் பக்கம் இறக்குங்கள், வலி கொஞ்சம் எட்டிப் பார்க்கிற இடத்தில் நின்று, இரண்டு மூச்சு மெதுவாக விட்டு, எழுந்துவிடுங்கள். ஐந்தாறு முறை, நாளைக்கு இரண்டு வேளை. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கீழே. வலி நன்றாக இருக்கிற நாளில் வீட்டையே புரட்டிப்போட்டு வேலை செய்யாதீர்கள், மோசமான நாளில் முழுதாகப் படுத்தும் விடாதீர்கள், எல்லா நாளும் ஏறக்குறைய ஒரே அளவு. மெசேஜ் வந்ததும் கழுத்து இறுகுகிறது என்றீர்களே, அந்த நேரத்தில் தோளை வேண்டுமென்றே காதுவரை தூக்கி, ஐந்து நொடி இறுக்கிப் பிடித்துச் சட்டென்று விடுங்கள், மூச்சை உள்ளே இழுப்பதைவிட நீளமாக வெளியே விடுங்கள். தளர்ந்த தோள் எப்படி இருக்கும் என்பதையே பலர் மறந்துவிடுகிறோம், முதலில் அது நினைவுக்கு வர வேண்டும்.

வலிக்காகவே பயிற்சி பெற்ற உளவியலாளர் கிடைத்தால் போங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. 2021இல் வந்த ஒரு சோதனையில், நாள்பட்ட முதுகுவலிக்காரர்களுக்கு நான்கு வாரம் "இந்த வலி சேதத்தின் அடையாளம் இல்லை, நரம்பு மண்டலத்தின் பொய் எச்சரிக்கை" என்று புரியவைத்து அசைவுப் பயத்தைப் போக்கும் சிகிச்சை கொடுத்தார்கள். 66 சதவீதம் பேருக்கு வலி முழுக்கவோ அநேகமாகவோ போய்விட்டது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 10 சதவீதம். மொத்தம் 151 பேர்தான், வலி அவ்வளவு கடுமையாக இல்லாதவர்கள், அதனால் எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று நான் சொல்லமாட்டேன். இருந்தாலும் வழி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இது போதும்.


மாலைவெளி (ஐந்து வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்கவும், செய்து பார்த்துவிட்டு எழுத நினைத்தேன்.

விடியல்நேரம் சொன்னதால் வேறொரு டாக்டரிடம் போனேன். கை, கால், முட்டி எல்லாம் தட்டிப் பார்த்து, ஊசிமுனையால் தொட்டுப் பார்த்து, 20 நிமிடம் எடுத்துக்கொண்டார். கையில் மரமரப்பு இல்லை, பலமும் நன்றாக இருக்கிறது. அதே "ஒன்றுமில்லை"தான், ஆனால் பார்த்துவிட்டுச் சொன்னதால் நம்ப முடிந்தது. மாத்திரையைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஆரம்பித்தேன். முதல் வாரம் காலையில் தூக்கம் கலையவில்லை, இப்போது பழகிவிட்டது.

குனிகிற பயிற்சியில் முதல் நாள் அழுதுவிட்டேன். வலியால் இல்லை, வலிக்கப்போகிறது என்று நினைத்து. மூன்றாவது வாரம் கீழே கிடந்த பையனின் காலுறையை யோசிக்காமல் குனிந்து எடுத்தேன், எடுத்து முடித்து நிமிர்ந்த பிறகுதான் என்ன செய்தேன் என்றே உறைத்தது.

மாதக் கடைசி வந்தது, வலியும் வந்தது. ஆனால் முன்பு ஒரு வாரம் நிற்கும், இந்த முறை இரண்டு நாளில் இறங்கிவிட்டது. ஆலமரத்தடி எழுதியதை வீட்டுக்காரரிடம் படிக்கச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை "உளைச்சல் எப்படி இருக்கு" என்று கேட்டார். எட்டு மாதத்தில் முதல் தடவை.

இன்னும் தீராமல் இருப்பது தூக்கம். படுத்ததும் தூங்கிவிடுகிறேன், இரவு 3 மணிக்குச் சரியாக விழிப்பு வந்துவிடுகிறது, அதற்குமேல் மனசு ஓட ஆரம்பித்துத் தோள் இறுகுகிறது. அந்த நேரத்தில் எழுந்து உட்காருவது நல்லதா, படுத்தே கிடப்பது நல்லதா? யாருக்காவது அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.


இரவுப்பணி:

எழுந்துவிடுங்கள். 20 நிமிடம்போல ஆகியும் தூக்கம் வரவில்லை என்றால் படுக்கையை விட்டு வந்து, விளக்கை மங்கலாக வைத்து, போனைத் தொடாமல், சலிப்பான எதையாவது செய்யுங்கள், கண் சொக்கினால் மட்டும் திரும்பப் போங்கள். மணியைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவையுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் எழுவது ஒரே நேரத்தில் இருக்கட்டும். முதல் பத்து நாள் களைப்பு கூடும், அதற்குப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். இரண்டு வாரம் கழித்து எப்படி இருக்கிறது என்று இங்கேயே எழுதுங்கள்.